பயிற்சிச் செலவு யார் கணக்கில்?

கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ‘நாளைய வேலைக்கான படிப்பு’ என்று விற்கப்பட்டவற்றின் பெயர்களை எழுதிப் பார்த்தால் அதுவே ஒரு சிறு தொழில்துறை வரலாறாக இருக்கும். 1990களில் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர். டிசிஏ, பிஜிடிசிஏ, கோபால் (COBOL), பிறகு சி++, ஜாவா. 2000ஐ நெருங்கியபோது மெயின்ஃபிரேம். 2001இல் அமெரிக்கச் சந்தை சரிந்ததும் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. அந்த இடத்துக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனும் கால் சென்டர் ஆங்கிலமும் வந்தன. அப்புறம் ஆண்ட்ராய்டு, பிக் டேட்டா, பிளாக்செயின். இப்போது செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், மின்வாகனம், சிப் வடிவமைப்பு. பொறியியல் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் ஏஐசிடிஇ நீக்கியது. அதற்குப் பிறகு சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளைப் பெருக்குவதில் தனியார் கல்லூரிகளுக்குத் தடையே இல்லாமல் போயிற்று. பிரிவுகளின் பெயர் மாறிய வேகத்தில் ஆசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் மாறிவிட்டதாக யாரும் நம்பப்போவதில்லை. நேற்றுவரை தரவுத்தளம் நடத்தியவரே இன்று தரவு அறிவியல் நடத்துகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதைத்தான் அவர் செய்கிறார்.

புதிய தொழில்நுட்பங்களுக்கு மாணவர்களையும் தொழிலாளர்களையும் தயார்செய்வது பற்றிய நம் பேச்செல்லாம் பாடத்திட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் கையில் இருக்கும் ஆதாரங்களை அடுக்கிப் பார்த்தால் வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். கற்கும் காலத்தில் வருமானம் குறையும். கற்றது சில ஆண்டுகளில் பயனற்றுப் போகவும் கூடும். இந்த மூன்று சுமைகளையும் யார் ஏற்பது? இன்றைய நிலையில் முதலிரண்டைப் பெற்றோர் நகையை அடகு வைத்தும் கல்விக்கடன் வாங்கியும் ஏற்கிறார்கள்; மூன்றாவதை நடுவயதில் அந்தத் தொழிலாளியே தனியாக ஏற்கிறார். இந்தக் கணக்கை மாற்றாமல் பாடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயன் மிகக் குறைவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், புதிய தொழில்நுட்பத்தை மக்கள் எங்கே கற்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரின் நெசவாலைகளை ஆராய்ந்தார். விசைத்தறி வந்துவிட்டதாலேயே உற்பத்தி பெருகிவிடவில்லை. தறியை ஓட்டிய பெண்கள் ஆலைக்குள்ளேயே மாதக்கணக்கில் பழகிப் பெற்ற திறமைதான் உற்பத்தி உயர்வில் பெரும்பங்கு வகித்தது. அந்தத் திறமைக்குச் சந்தையில் நல்ல கூலி கிடைக்கவோ இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. எந்திரங்கள் ஆலைக்கு ஆலை ஒரே மாதிரி ஆனபிறகுதான், ஓர் ஆலையில் கற்றவள் அடுத்த ஆலையிலும் மதிக்கப்பட்டாள். வளர்ந்துகொண்டிருக்கும் தொழில்நுட்பத்துக்கு நிலைத்த பாடநூல் இருக்க முடியாது. இன்று எழுதிய நூல் அச்சாகி, பல்கலைக்கழகப் பாடக்குழு ஒப்புதல் பெற்று, இரண்டாமாண்டு மாணவர் கைக்கு வருவதற்குள் அந்த மென்பொருளின் அடுத்த இரு பதிப்புகள் வெளிவந்திருக்கும். பாடநூல் எழுதும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது என்றாலோ, அது ‘வளர்ந்துவரும்’ தொழில்நுட்பமாக இருக்கும் கட்டம் அநேகமாகக் கடந்திருக்கும்.

டேவிட் டெமிங், கதீம் நோரே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அமெரிக்காவில் கணினியியல், பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்கள் மற்றப் பட்டதாரிகளைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல், வேலைக்குச் சேர்ந்த முதல் பத்தாண்டிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. காரணம் எளிது: அவர்கள் செய்யும் வேலைகளில் கேட்கப்படும் திறன்கள் மற்ற வேலைகளைவிட விரைவாக மாறுகின்றன, கல்லூரியில் கற்றது பழசாகிறது, புதுசைக் கற்றுவந்த இளையவர் குறைந்த சம்பளத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறார். மிகப் புதிய திறனை மட்டுமே மூலதனமாகக் கொண்டு தொடங்கும் வாழ்க்கையில், அந்த மூலதனம் மிக வேகமாகத் தேயவும் செய்யும். கல்லூரி விளம்பரங்கள் முதல் சம்பளத்தைத்தான் காட்டுகின்றன. பத்தாம் ஆண்டுச் சம்பளத்தைப் பற்றி அவை பேசுவதில்லை.

இதற்கு நம் மாநிலத்திலேயே கண்முன் நடந்த சான்று ஶ்ரீபெரும்புதூர். 2006இல் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது கைபேசித் தயாரிப்புதான் வளரும் தொழில்நுட்பம். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் எனச் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். உச்சத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். வளாகத்துக்குள் உதிரிபாகம் செய்த நிறுவனங்களின் ஆட்கள் தனி. பலருக்கு அது வீட்டின் முதல் மாதச்சம்பளம். பின்னர் தொடுதிரைக் கைபேசிகள் சந்தையைப் பிடித்தன; வரித் தகராறு வந்தது; 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கியிருந்த சென்னை ஆலை அந்த விற்பனையில் சேராமல் வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அவர்கள் கையில் மிஞ்சியது என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே செயலைச் செய்யும் வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு அடுத்த ஆலை மதிப்பளிக்கும் சான்றிதழ் கிடையாது. எட்டாண்டு அனுபவம் என்று சொன்னாலும், புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பெண்ணைவிட அதிகச் சம்பளம் கொடுக்கக் காரணமில்லை என்றே அடுத்த முதலாளி நினைப்பார். தொழில்நுட்பத் துறையில் எட்டாண்டு வேலை பார்த்தும் தொழில்நுட்பம் கைக்கு வராத நிலை அது. அதே வளாகத்தில் சார்ஜர் தயாரிக்க சால்காம்ப் நிறுவனம் வரப்போவதாக 2019இல் அறிவிப்பு வந்தது; இடையில் ஐந்தாண்டு ஓடியிருந்தது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,400 கோடி டாலரைத் தாண்டி, இந்தியாவின் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருந்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் லைனில் நிற்கும் பெண்ணுக்கு 2006இல் கிடைக்காத எது இப்போது கிடைக்கிறது என்று கேட்டால், தங்கும் விடுதி மேம்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் பெரிதாகச் சொல்ல முடியவில்லை.

எந்த வேலை போகும், எது வரும் என்று முன்கூட்டியே கணித்துப் பாடத்தை அமைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கணிப்புகளின் வரலாறு அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு எந்திரமயமாகும் ஆபத்தில் உள்ளன என்றார்கள். மூன்றாண்டு கழித்து, வேலைகளைப் பெயரளவில் பார்க்காமல் அவற்றுக்குள் அடங்கிய செயல்களாகப் பிரித்துப் பார்த்த ஓஇசிடி ஆய்வு 9 விழுக்காடு என்றது. இரண்டும் மதிப்புள்ள ஆய்வுகள். இவ்வளவு இடைவெளி உள்ள இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவருக்கு ‘இந்தப் பிரிவை எடு’ என்று உறுதியோடு சொல்லும் ஆலோசகரை என்னவென்பது!

தொழில்துறையிலிருந்து வரும் மறுப்பு வேறு. பட்டம் பெற்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் தகுதியற்றவர்கள், கல்லூரிகள் ‘முதல் நாளே வேலை செய்யக்கூடிய’ ஆட்களைத் தர வேண்டும் என்பது ஆண்டுதோறும் கேட்கும் புகார். இதில் உண்மை உண்டு: மடக்கையிலும் சராசரியிலும் தடுமாறும் பொறியாளர்கள் வெளிவருவது மறைக்க முடியாத சங்கதி. ஆனால் புகாரின் இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க முடியாது. இந்திய மென்பொருள் தொழில் எப்படி வளர்ந்தது? சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் என எந்தப் பிரிவு படித்தவரையும் எடுத்து, மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவித்துத்தான் வளர்ந்தது. இன்ஃபோசிஸ் மைசூரில் 2005இல் திறந்த மாபெரும் பயிற்சி வளாகம் அந்தக் கொள்கையின் கட்டட வடிவம். கணிதமும் தர்க்கமும் ஓரளவு ஆங்கிலமும் உள்ள ஆளைக் கல்லூரி தரும். குறிப்பிட்ட தொழில்நுட்பத்தை நிறுவனம் கற்றுத்தரும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அது வெற்றி பெற்றது. ஆக, ‘முதல் நாளே தயார்’ என்ற கோரிக்கை, நிறுவனம் செய்துவந்த செலவை மாணவரின் குடும்பத்துக்கு மாற்றும் கோரிக்கைதான்.

நிறுவனங்கள் ஏன் அந்தச் செலவைத் தவிர்க்கின்றன என்பதற்குப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964லேயே விளக்கம் தந்துவிட்டார். ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் திறனுக்கு அந்த நிறுவனம் செலவு செய்யும். எங்கும் பயன்படும் திறனுக்குச் செய்யாது, ஏனெனில் கற்றவர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஶ்ரீபெரும்புதூர் லைனில் கிடைத்தது முதல் வகை. தொழிலாளிக்கு வேண்டியிருந்தது இரண்டாம் வகை. சந்தையை அப்படியே விட்டால் இரண்டாவது எப்போதும் குறைவாகவே விளையும். இதில் முதலாளியின் குணத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. எல்லோரும் பயிற்சி தந்தால்தான் எனக்கும் தருவது கட்டுப்படியாகும் என்ற நிலையில், ‘எல்லோரும்’ என்பதை உறுதிசெய்ய வெளியிலிருந்து ஒரு விதி வேண்டும்.

அந்த விதியை மிக நீண்டகாலம் நடத்திப் பார்த்த நாடு ஜெர்மனி. 1969இல் தொழிற்பயிற்சிச் சட்டமாக ஒழுங்குபடுத்தப்பட்ட அவர்களுடைய இரட்டை முறையில், இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள் நிறுவனத்திலும் கற்கிறார். நிறுவனம் சம்பளம் தருகிறது. ஏறத்தாழ 12 லட்சம் பேர் இப்படிப் பயில்கிறார்கள். அங்கீகரித்த தொழில்கள் 320க்குச் சற்று மேல். புதிய தொழில்நுட்பத்தை அவர்கள் எதிர்கொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. 1998இல் எந்திரவியலையும் மின்னணுவியலையும் சேர்த்து ‘மெக்கட்ரானிக்ஸ்’ என்று ஒரு தொழிலை உருவாக்கினார்கள். 2018இல் இணைய வணிகத்துக்கு ஒன்று. 2021 முதல், புதிதாக வகுக்கும் அல்லது திருத்தும் எந்தத் தொழிற்பாடத்திலும் டிஜிட்டல் வேலைமுறை கட்டாயப் பகுதி. அதாவது புதுசு வரும்போதெல்லாம் புதுப் படிப்பு தொடங்குவது அரிது. இருக்கும் தொழிலுக்குள் புதுசைச் செலுத்துவதுதான் வழக்கம். முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடத்தை எழுதுவதால், ஒரு நிறுவனத்தின் வசதிக்கு மட்டும் பாடத்தை வளைக்க முடிவதில்லை.

ஜெர்மனியைக் காட்டி வாதத்தை முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது போதாது. பொருளியலாளர் ஹனுஷெக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2017இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு, தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த அனுகூலம் மறைந்து பொதுக்கல்வி பெற்றவர்கள் முந்துகிறார்கள் என்று கண்டது. தொழிற்பயிற்சி மிக வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்திலேயே இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிந்தது. தொழில்நுட்பம் மாறும்போது குறுகிய திறன் காலை வாரிவிடுகிறது. அந்த நாடுகளைவிட ஏழை நாடான நமக்கு இது கடினமான தேர்வு. வீட்டில் உடனடி வருமானம் வேண்டும் என்றிருக்கும் பிள்ளையிடம், ஐம்பது வயதில் உதவும் என்று சொல்லி இயற்கணிதத்தை நீட்ட முடியாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஜி.டி. நாயுடு அந்தக் கட்சியில் நின்றவர். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்ப நிறுவனங்கள் தொடங்கக் காரணமான அவர், பொறியியலுக்கு நான்காண்டு என்பது காலவிரயம், குறுகிய காலமே போதும் என்று அரசோடு மோதி விலகினார். இன்று மூன்று மாதப் படிப்புகளை விற்பவர்கள் அவரைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் நாயுடு சொன்ன குறுகிய பயிற்சிக்குப் பின்னால் அவருடைய பஸ் கம்பெனியும் பட்டறையும் இருந்தன. பிள்ளை எந்திரத்தின் மேல் கைவைத்துக் கற்றான். எந்திரமும் இல்லாமல் காலமும் இல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுப்பதை அவர் ஆதரித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சான்றிதழ் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாடளவில் பார்த்துவிட்டோம். 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் சில நூறு மணி நேரப் பயிற்சிகளில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே, அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு, இலக்கு எண்ணிக்கையைத் துரத்தியதில் தொழில்துறையின் தேவையும் இளைஞரின் வேலையும் பின்னுக்குப் போய்விட்டன என்று கடுமையாகவே எழுதியது. அந்த விமர்சனம் தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ கல்லூரிப் பாடத்துக்குள்ளேயே தொழில்துறைப் பயிற்சியைக் கொண்டுவந்தது நல்ல முடிவு. கட்டணம் மாணவர் தலையில் விழாதது அதைவிட நல்லது. சேர்ந்தோர் எத்தனை பேர், வேலைவாய்ப்பு முகாமில் தேர்வானோர் எத்தனை பேர் என்ற எண்களைவிட, மூன்றாண்டு கழித்து அவர்கள் என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதே அத்திட்டத்துக்குச் சரியான அளவுகோல். 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து ₹2,877 கோடியில் ரோபாட், சிஎன்சி, முப்பரிமாண அச்சு எந்திரங்கள் நிறுவப்பட்டன. வயர்மேன், பிட்டர் பயிலும் பிள்ளைகள் பழைய லேத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் சரியே. ஆனால் இந்த எந்திரங்களும் பத்தாண்டில் பழசாகும். அப்போது மாற்றுவதற்கான பணமும், அதுவரை பயிற்றுநர்களை ஆண்டுதோறும் ஆலைக்கு அனுப்பிப் புதுப்பிக்கும் ஏற்பாடும் இன்றே பட்ஜெட்டில் ஒரு வரியாக இல்லாவிட்டால், திறப்பு விழாவே உச்சமாக இருந்துவிடும்.

இந்தியாவில் வேலையிடத்தில் பயிற்றுவிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961லேயே வந்தது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். நம் ஆட்களுக்கே பழக்கமான வடிவமும் இருக்கிறது: கோவை பிஎஸ்ஜி கல்லூரியின் சாண்ட்விச் படிப்பு ஐந்தாண்டுகளில் வகுப்பையும் ஆலையையும் மாற்றி மாற்றித் தருகிறது, பாலிடெக்னிக்குகளிலும் அந்த முறை உண்டு. கோவையின் பம்ப், மோட்டார், வார்ப்புத் தொழிலுக்கு ஆட்கள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது பரவவில்லை. பதிலாகப் பரவியது வேறு. ஏஐசிடிஇ 2013இல் கொண்டுவந்த ‘நீம்’ திட்டத்தின்கீழ் வந்த பயிற்சியாளர்களை வாகன ஆலைகள் நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக லைனில் நிறுத்துகின்றன, பயிற்சி என்பது பெயரளவில்தான் என்று தொழிற்சங்கங்கள் தொடர்ந்து குற்றஞ்சாட்டின. அப்ரண்டிஸ் என்ற பெயரில் மலிவான ஆள் கிடைக்கும்போது எந்த மேலாளரும் கற்றுத்தர மெனக்கெட மாட்டார். ஆகவே எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதோடு, என்ன கற்றார்கள் என்பதை வெளியாள் ஒருவர் தேர்வுவைத்துச் சோதிப்பதும், தேறியவருக்கு எல்லா ஆலையும் ஏற்கும் சான்று தருவதும் கட்டாயமாக வேண்டும். லோவலிலும், ஓர் ஆலையில் கற்றதை மற்ற ஆலைகளும் மதித்த கட்டத்தில்தான் கூலி உயர்ந்தது.

சிறு பட்டறைகள் இதை எப்படித் தாங்கும்? இந்த மறுப்புக்கு எளிய பதில் இல்லை. அம்பத்தூரிலும் ஓசூரிலும் பீளமேட்டிலும் பத்துப் பேரை வைத்து ஆர்டருக்கு ஓடும் முதலாளியிடம் மூன்றாண்டுப் பயிற்சி கொடு என்றால் சிரிப்பார். ஜெர்மனியிலும் ஐந்தில் ஒரு நிறுவனம்தான் பயிற்சி தருகிறது. சிறியவை பல சேர்ந்து பொதுப் பயிற்சிக்கூடங்களை நடத்துகின்றன. தொழிற்பேட்டைக்கு ஒன்று என்று அப்படிக் கூடம் அமைத்து, பெரிய ஆலைகளிடம் சம்பளப் பட்டியலில் ஒரு சிறு விழுக்காட்டை வரியாகப் பெற்று, பயிற்சி தருவோருக்கே அதைத் திருப்பிக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். பெட்ரோல் இஞ்சினுக்கான பாகங்கள் செய்துவந்த பட்டறைகளுக்கு இது அவசரம். மின்வாகனத்தில் பிஸ்டனும் இல்லை, கிளட்சும் பெரும்பாலும் இல்லை. கிருஷ்ணகிரியிலும் தூத்துக்குடியிலும் மின்வாகன ஆலைகள் வந்தாயிற்று. அந்தப் பட்டறைகளின் டர்னரும் தெருமுனை மெக்கானிக்கும் தாங்களாகவே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் இன்றுள்ள நடைமுறைக் கொள்கை.

நிறுவனம் கற்றுத்தராததைக் கல்வி நிலையம் தர வேண்டும், அது அடிப்படை. கல்வி நிலை குறித்த 2023ஆம் ஆண்டு ‘அசர்’ அறிக்கை 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளை 26 மாநிலங்களில் பார்த்தது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்க முடிந்தவர்கள் 43 விழுக்காடுதான். நாலில் ஒருவரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 2021-22இல் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28தான். கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் வென்றிருக்கிறோம். ஆனால் வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்கு எந்திரக் கற்றல் பாடம் நடத்தினால், அது மனப்பாடமாகி அரியராக மிஞ்சும். அடிப்படை என்று நான் சொல்வது ஆடம்பரமான பொதுக்கல்வி அல்ல: கணக்கு, புள்ளியியல், மின்சுற்று, தமிழில் தெளிவாகப் படித்துப் புரிந்துகொள்ளுதல், ஆங்கிலக் கையேட்டை அகராதியோடாவது வாசித்தல், பிழை எங்கே என்று முறையாகத் தேடுதல். டெமிங்கின் வேறோர் ஆய்வு, பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் திறனுக்கான மதிப்பு அமெரிக்காவில் 1980களிலிருந்து உயர்ந்து வருவதைக் காட்டியது. இவற்றில் எதுவும் பத்தாண்டில் காலாவதி ஆவதில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கில் ஒரு புதிய சிக்கலைச் சேர்த்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் பொருளியலாளர் பிரிஞ்சால்ஃப்சன் குழு நடத்திய ஆய்வில், செயற்கை நுண்ணறிவுக் கருவியால் அதிகம் பயன்பெற்றவர்கள் புதியவர்கள்தான். அனுபவசாலியின் நுணுக்கத்தைக் கருவி அவர்களுக்குக் கொண்டுசேர்த்தது. நல்ல செய்தி. ஆனால் அதே பிரிஞ்சால்ஃப்சன் 2025இல் வேறு இருவரோடு அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்தபோது, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22-25 வயதினரின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு குறைந்திருந்தது. மூத்தவர்களுக்கு அப்படி இல்லை. டிசிஎஸ் 2023-24இல் தன் ஊழியர் எண்ணிக்கை 13,000க்கு மேல் குறைந்ததாகக் கணக்குக் காட்டியது. ஒரு நிறுவனத்தின் ஓராண்டுக் கணக்கை வைத்துப் பெரிதாகச் சொல்லக் கூடாது; சந்தை மந்தமும் காரணம். ஆனாலும் கவலைக்கு அடிப்படை உண்டு. சிறிய நிரல், எளிய சோதனை, அறிக்கைத் தயாரிப்பு ஆகியவைதான் புதியவர் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்ற படிகள். அந்தப் படிகளைக் கருவி எடுத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து அனுபவசாலி எங்கிருந்து வருவார்? இதற்கு மாணவர் இன்னொரு செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழ் வாங்குவது விடையாகாது. புதியவரை எடுத்துப் பழக்குவது தனி நிறுவனத்துக்கு லாபமற்றதாகவும் தொழிலுக்கு அவசியமானதாகவும் ஆகும்போது, பெக்கர் சொன்ன பழைய சிக்கல் மென்பொருளுக்கும் வந்துவிட்டது. இதுவரை அப்ரண்டிஸ் சட்டத்தை ஆலைகளின் விவகாரமாகவே பார்த்துவந்த சென்னை ஓஎம்ஆரின் மென்பொருள் நிறுவனங்களுக்கும் அது தேவைப்படும்.

கடைசியாக, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். நடுவயதில் மறுபயிற்சி பயன் தராது என்பது வலுவான மறுப்பு. அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கான நீண்டகால உதவித்திட்டத்தை 2012இல் மதிப்பிட்டவர்கள் ஏமாற்றமான முடிவுகளையே கண்டார்கள். ஆனால் எல்லாப் பயிற்சியும் அப்படியல்ல. பொருளியலாளர் காட்ஸும் கூட்டாளிகளும் 2022இல் தொகுத்த, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதித்த திட்டங்களில், பயிற்சி முடிந்த அடுத்த ஆண்டில் வருமானம் 14 முதல் 39 விழுக்காடு வரை உயர்ந்தது. அவை ஒரு குறிப்பிட்ட துறையின் முதலாளிகளோடு சேர்ந்து நடந்தவை. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. எங்கும் செல்லும் சான்று தந்தவை. சிங்கப்பூர் 2016இல் 25 வயதை எட்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி கொடுத்தபோது, போலி விண்ணப்பங்கள் மூலம் ஒரு கும்பல் ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது 2017இல் வெளிவந்தது. பெரும் பயனும் இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. பாடம் கற்றுக்கொண்டு, 2024இல் 40 வயதை எட்டியவர்களுக்கு 4,000 வெள்ளியைத் தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். 2025 முதல் முழுநேரம் படிப்பவருக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் உண்டு. கட்டணத்தைவிட, படிக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுதான் தடை என்பதை அவர்கள் புரிந்துகொள்ள ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று.

நம்மிடம் இதற்கான சட்டக்கூறு ஒன்று புதிதாக வந்திருக்கிறது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளியின் மறுபயிற்சிக்கென 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்கிறது. கொள்கை சரி: மறுபயிற்சியின் செலவு முதலாளியின் கணக்கிலும் ஏறுகிறது. அளவுதான் வேடிக்கை. பதினைந்து நாள் சம்பளத்தில் சிஎன்சி கற்க முடியாது. ஒரு மாத வாடகை கொடுக்கலாம். குறித்த கால ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு அதுவும் இல்லை, மின்னணு ஆலைகளில் பெண்கள் பெரும்பாலும் அந்த வகையிலோ காண்ட்ராக்டர் மூலமோதான் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், இஎஸ்ஐ காப்பீடு உள்ளவர் வேலை இழந்தால் 90 நாள் வரை சம்பளத்தில் ஒரு பங்கு (2020 முதல் பாதி) தரும் திட்டம் 2018இலிருந்து இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை என்ற நிபந்தனையோடு. இந்த இரண்டையும் இணைத்து, மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து, அருகிலுள்ள ஐடிஐயில் மாலைப் பிரிவில் ஆறு மாதம் படிப்பவருக்கு அந்த ஆறு மாதமும் பாதிச் சம்பளம் என்று விரிக்கலாம். எந்திரங்கள் 71 இடங்களில் வாங்கி வைத்தாயிற்று. மாலை ஐந்து மணிக்கு மேலும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது உண்டா, பணத்தில் பெரிய ஆலைகளின் பங்கு எவ்வளவு என்ற இரண்டையும் முடிவுசெய்ய வேண்டியது கல்வித்துறை அல்ல, தொழிலாளர் துறையும் நிதித்துறையும்.